தூக்குக்கு எத்தனை படலை, துவக்குக்கு எத்தனை?

ஆயுதத்தைக் காட்டுவதற்காக அழைத்துச் செல்லப்பட்ட சந்தேகநபர் பொலிஸாரைத் தாக்க முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த வசனத்தை நாங்கள் எத்தனை தடவை வாசித்திருப்போம்? ஆளும் ஊரும்தான் மாறும். 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தையில் போதைப்பொருள் கும்பல் தலைவன் மாக்கந்துரே மதூஷ். 2021 மே மாதத்தில் ஓரிரு நாள் இடைவெளியில் பொலிஸ் காவலில் இருந்த இன்னும் இருவர். 2025 பெப்ரவரியில், கொட்டாஞ்சேனைக் கொலையொன்றுக்குப் பிடிபட்ட இருவர்.

மட்டக்களப்பில் நான் முடி வெட்டப் போகும் சலூனில் இப்படியொரு செய்தி தொலைக்காட்சியில் ஓடினால், "நல்ல வேலை, ஒரு சனியன் குறைஞ்சிது" என்று யாராவது சொல்வார்கள். மறுத்துப் பேச ஆள் இருக்காது. அதே ஆட்களிடம் தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டு வரலாமா என்று கேட்டால் கதை வேறு. கொஞ்சம் யோசிப்பார்கள். "பிழையான ஆளைத் தூக்கில போட்டுட்டா என்ன செய்யிறது?" என்று ஒருவர் கேட்பார். காசுள்ளவன் தப்பிவிடுவான், இல்லாதவன்தான் தொங்குவான் என்பார் இன்னொருவர். இரண்டும் நியாயமான பேச்சு. துவக்கைப் பற்றிப் பேசும்போது இந்த யோசனை எங்கே போகிறது என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை. கயிற்றில் போனாலும் குண்டில் போனாலும் உயிரை எடுப்பது அரசுதானே.

முதலில் தூக்குக்கு வருவோம். இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23ஆம் திகதி. ஆனாலும் தண்டனை சட்டத்தில் அப்படியே இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவின்படி கொலைக்குத் தண்டனை மரணம்தான். மேல் நீதிமன்றங்களில் இன்றும் மின்விளக்கை அணைத்துவிட்டு அந்தத் தீர்ப்பை வாசிக்கிறார்கள். சிறைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் அந்தத் தீர்ப்போடு இருக்கிறார்கள். 2019இல் அலுகோசு வேலைக்கு, அதாவது தூக்கிலிடும் வேலைக்கு, ஆள் கேட்டு விளம்பரம் போட்டார்கள். அந்த ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு பேரின் மரணப் பத்திரத்தில் கையெழுத்திட்டதாக அறிவித்தார். ஜூலை மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கயிறு இறங்கவில்லை.

அந்தக் கயிறு ஒரு கழுத்துக்குப் போய்ச் சேர எத்தனை படலை தாண்ட வேண்டும் என்று பாருங்கள். கொலை வழக்கென்றால் நீதவான் முன்னால் ஆரம்ப விசாரணை. பிறகு கோவை கொழும்புக்குப் போய், சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மேல் நீதிமன்றத்தில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை ஒதுக்கிக் கொடுக்கும். குற்றவாளி என்று கண்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். எல்லாம் முடிந்த பிறகும் அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை இருக்கிறது. விசாரித்த நீதிபதியிடம் ஜனாதிபதி அறிக்கை கேட்க வேண்டும். அந்த அறிக்கை சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போய், அங்கிருந்து நீதி அமைச்சரின் சிபாரிசுக்குப் போய்த்தான் திரும்பி வரும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு மரண தண்டனை விதிக்கவே முடியாது. கர்ப்பிணிக்கும் முடியாது.

பண்டாரநாயக்க கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 செப்டெம்பரில் பிரதமர் சுடப்பட்ட நேரம், அவருடைய அரசாங்கமே மரண தண்டனையை இடைநிறுத்தி வைத்திருந்தது. கொலைக்குப் பிறகு அவசரமாகச் சட்டத்தை மாற்றி, நடந்து முடிந்த குற்றத்துக்கும் பொருந்தும்படி அதைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். சுட்ட சோமாராம தேரர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். சதி செய்தவர்கள் என்று கண்ட இரண்டு பேருக்கோ மேன்முறையீட்டில் தண்டனை ஆயுள் சிறையானது. புதிய சட்டத்தின் வாசகம் கொலையைச் சொல்லியது, கொலைக்கான சதியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம். நாட்டின் பிரதமரையே கொன்ற வழக்கு அது. நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அப்படி இருந்தும் நீதிபதிகள் சட்டத்தின் சொல்லைச் சீப்புப் போட்டு வாரினார்கள்.

சரி, துவக்குக்கு வருவோம். பொலிஸ் எப்போது ஒருவரைக் கொல்லலாம்? சட்டம் இரண்டு இடத்தில் பேசுகிறது.

ஒன்று தற்பாதுகாப்பு. இது உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமை. உயிர் போகும், அல்லது பாரதூரமான காயம் வரும் என்று நியாயமாகப் பயப்படும் நிலையில், வேறு வழியில்லாமல், தேவைக்கு மேல் போகாமல் செய்தால் கொலைக்குற்றம் ஆகாது. பொலிஸ் அறிக்கைகள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன.

மற்றது கைது செய்யும் அதிகாரம். பலருக்குத் தெரியாத விஷயம் இதில்தான் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு, கைதுக்கு இணங்காமல் முரண்டு பிடிப்பவரையும் தப்பி ஓடுபவரையும் பிடிக்க, நியாயமாகத் தேவைப்படும் வழிகளைக் கையாளலாம் என்கிறது. அடுத்த உட்பிரிவில் ஒரு கட்டுப்பாடு வருகிறது: மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்க இந்தப் பிரிவு உரிமை தராது.

இந்த வாசகத்தை நின்று வாசிக்க வேண்டும். எங்கள் சட்டம் கயிற்றையும் துவக்கையும் ஒரே வசனத்தில் கட்டி வைத்திருக்கிறது. கோழி திருடியவன் ஓடினால், அவனைப் பிடிப்பதற்காகக் கொல்லும் உரிமையை இந்தப் பிரிவிலிருந்து எடுக்க முடியாது. கொலைக்குற்றம் சாட்டப்பட்டவன் ஓடினால் அந்தத் தடுப்பு இல்லை. தேவையான அளவு மட்டும் என்ற கட்டுப்பாடு அப்போதும் இருக்கிறது, ஆனால் வேலி ஒன்று விழுந்துவிடுகிறது. இது பழைய ஆங்கிலேயச் சட்டச் சிந்தனை. அந்தக் காலத்தில் பெரிய குற்றங்கள் எல்லாவற்றுக்கும் தண்டனை தூக்கு. ஓடுகிறவன் எப்படியும் தொங்கப் போகிறவன்தானே, பிடிக்கும்போது செத்தால் என்ன என்று யோசித்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் இந்தச் சிந்தனையை உடைத்தது. டென்னசி மாநிலத்தில், கையில் ஆயுதம் எதுவுமில்லாமல் வேலி ஏறித் தப்ப முயன்ற 15 வயதுப் பையனைப் பொலிஸ் சுட்ட வழக்கு அது. இப்போது பெரும்பாலான குற்றங்களுக்குத் தூக்கே கிடையாது, அப்படியிருக்க அந்தப் பழைய விதிக்கு என்ன அடிப்படை என்று நீதிமன்றம் கேட்டது. அதற்காக அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. 2024இல் அமெரிக்கா முழுவதும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் 25 பேர். அதே ஆண்டில் பொலிஸ் சுட்டு இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

எங்கள் நாட்டில் அந்த வாசகம் இன்னும் இருக்கிறது. அதற்குள் வருகிறவர்களின் கூட்டமும் பெருத்துக்கொண்டே போகிறது. 1984இல் திருத்தப்பட்ட சட்டப்படி 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை விதிக்கலாம். 2022இல் ஐஸ் போதைப்பொருளையும் சேர்த்தார்கள், அதற்கு 5 கிராம். ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி உப்பு. காத்தான்குடியிலோ கல்முனையிலோ பாவனைக்கு அடிமையாகி, பாவனைக்காகவே விற்கத் தொடங்கிய ஒரு பையனின் சட்டைப் பையில் அவ்வளவு இருக்கக்கூடும். தூக்குக் கயிறு ஏறக்குறைய ஐம்பது வருடமாக ஒருவரையும் தொடவில்லை. ஆனால் அந்தத் தண்டனையின் பெயர் சட்டத்தில் இருப்பதால், ஓடுகிற அந்தப் பையனுக்கும் துவக்குக்கும் நடுவில் இருந்த வேலி இல்லாமல் போகிறது. மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை, பேச வேண்டும்.

'ஆயுதத்தைக் காட்டப் போனபோது' என்ற கதைக்கும் ஒரு சட்டக் காரணம் உண்டு. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது. அடித்து வாங்கியிருப்பார்கள் என்ற பயம் சட்டம் எழுதியவர்களுக்கே இருந்தது. ஆனால் 27ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. சந்தேகநபர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியைச் சாட்சியமாக எடுக்கலாம். ஆகவே புதைத்து வைத்த துவக்கை அவனைக் கொண்டே காட்டச் சொல்வது வழக்கைப் பலப்படுத்தும் நல்ல விசாரணை வேலை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. குறை எங்கே என்றால், அந்தப் பயணத்துக்குப் பாதுகாப்பான நடைமுறை இல்லாததில். எந்த அதிகாரியின் உத்தரவில் போனார்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், கைவிலங்கு இருந்ததா, வீடியோ எடுத்தார்களா, ஏன் பகலில் போகவில்லை? காவலில் இருக்கும் ஒருவனின் கைக்குத் துவக்கோ கிரனேட்டோ எட்டும் அளவுக்கு விட்டிருந்தால், அது முதலில் அந்தப் பொலிஸாரின் உயிருக்கே ஆபத்தான கவனயீனம். ஒரு தடவை நடந்தால் தவறு என்று விடலாம். திரும்பத் திரும்ப அதே மாதிரி நடந்தால்?

பொலிஸ் துவக்கே தூக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு 2019 ஏப்ரல் 26 மறந்திருக்காது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஐந்தாம் நாள், சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினரும் பொலிஸாரும் சுற்றி வளைத்தார்கள். உள்ளே தற்கொலை அங்கி கட்டியவர்கள். துப்பாக்கிச் சண்டையும் அவர்களே வெடிக்க வைத்த குண்டுகளுமாகப் பதினைந்து பேர் இறந்தார்கள், அதில் ஆறு பேர் பிள்ளைகள். அன்று சுடாமல் இருந்திருக்க முடியுமா? முடியாது. துவக்கு என்பது, நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆபத்தை நிறுத்துவதற்கானது. 1990இல் ஹவானாவில் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் அடிப்படைக் கோட்பாடுகளும் அதையே சொல்கின்றன. உயிரைக் காப்பதற்கு வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும் நோக்கோடு சுடலாம். அப்படிப்பட்ட அந்த இரவிலும், இடிபாடுகளுக்குள்ளிருந்து, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் தலைவன் சஹ்ரானின் மனைவியையும் மகளையும் உயிரோடு மீட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். ஆபத்து முடிந்த கணத்தில் துவக்கின் வேலையும் முடிந்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் சுட்டால், அது தண்டனை. தண்டனை என்றால் அது நீதிமன்றத்தின் வேலை. அரசியலமைப்பின் 13(4) உறுப்புரை இதை நேராகவே சொல்கிறது: சட்டப்படியான நடைமுறையில் தகுதியுள்ள நீதிமன்றம் இட்ட கட்டளையினால் அன்றி எவருக்கும் மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ வழங்கப்படலாகாது. உயிர் வாழும் உரிமை என்று தனியாக ஓர் உறுப்புரை எங்கள் அடிப்படை உரிமைகளில் இல்லை. பயாகலைப் பொலிஸ் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்த ஒருவரின் மனைவி வழக்குப் போட்டபோது இந்தக் கேள்வி எழுந்தது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ 13(4)ஐ எடுத்து வைத்தார். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் எவரையும் சாகடிக்க முடியாது என்றால், அதற்குள்ளே உயிர் வாழும் உரிமை அடங்கித்தான் இருக்கிறது என்று விளக்கினார். 2003இல் முடிந்த அந்த வழக்கிலிருந்து இந்நாட்டில் உயிர் வாழும் உரிமை சட்டத்தில் நிற்கிறது. மரண தண்டனையைப் பற்றிய ஒரு வாசகத்திலிருந்துதான் பொலிஸ் காவலில் இருப்பவனின் உயிருக்கான பாதுகாப்பு பிறந்தது. அதே சொல் ஓரிடத்தில் வேலியை எடுக்கிறது, இன்னோரிடத்தில் வேலி போடுகிறது.

கிழக்கில் இதைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. கொழும்பில் பொலிஸ் வேறு, இராணுவம் வேறு. எங்களுக்கு அப்படி இருக்கவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறை வீதிகளில் நின்றது விசேட அதிரடிப்படை. அது பொலிஸின் ஒரு பிரிவு. 1983 ஜூனில் வந்த அவசரகால ஒழுங்குவிதி 15அ, மரண விசாரணை இல்லாமலே சடலங்களை அடக்கம் செய்யவோ எரிக்கவோ இடம் கொடுத்தது. சுட்ட பிறகு வரும் ஒரேயொரு படலையையும் அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டார்கள். 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை செய்தவர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்று கொக்கட்டிச்சோலைப் பக்கத்து முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மறுபக்கம், 1990 ஜூனில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் இதே மாவட்டங்களிலிருந்து கூட்டிக்கொண்டு போய்க் கொன்றார்கள். அவர்களும் கையுயர்த்திய பிறகு கொல்லப்பட்டவர்கள்தான். விசாரணையில்லாமல் கொல்வதைக் குறித்து இந்த மண்ணுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் சலூனில் கேட்கும் அந்தக் குரல் எனக்கு வலிக்கிறது. வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடிக் குளிரப்பண்ணுகிறோமே, அவள் எதனால் சூடானாள்? ஒரு தட்டானின் சொல்லை நம்பி, விசாரிக்காமல், காவலாளின் வாளால் புருசனை வெட்ட விட்ட அரசனால்.

ஆனாலும் அந்தக் குரலைத் தூக்கி எறியவும் எனக்கு மனமில்லை. ஐஸ் வந்த வீடுகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்த பிள்ளை, இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கும் தகப்பன். விற்றவன் பிணையில் வந்து அதே சந்தியில் நிற்கிறான். கொலை வழக்கு பத்து வருடம் தாண்டியும் இழுபடுகிறது, சாட்சி சொன்னவர் ஊரைவிட்டுப் போகிறார். படலை கூடிப்போனதால் வழக்கு வாசலிலேயே நிற்கிறது என்ற எரிச்சலில்தான் மக்கள் துவக்கைக் கைதட்டுகிறார்கள். எரிச்சல் நியாயம். ஆனால் துவக்கு அந்த வழக்கை முடித்து வைப்பதில்லை. செத்தவனோடு அவனுக்குச் சரக்குக் கொடுத்தவனின் பெயரும், காசு வாங்கிய அதிகாரியின் பெயரும், பின்னால் இருந்த அரசியல்வாதியின் பெயரும் புதைகின்றன. மதூஷ் வாய் திறந்திருந்தால் எத்தனை பெயர் வந்திருக்கும் என்று அன்றே பலர் கேட்டார்கள்.

கயிற்றுப் பக்கமும் நேர்மையாகத்தான் நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மிருசுவிலில் எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் ஓர் இராணுவ வீரருக்கு 2015இல் மரண தண்டனை விதித்தார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவரை மன்னித்து வெளியே விட்டார். எல்லாப் படலையும் தாண்டிப் போன தீர்ப்பு கடைசிப் படலையில் இப்படி முடிந்தது. அவரைத் தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உள்ளே இருந்திருக்க வேண்டும்.

துவக்குக்கு முன்னால் படலை இல்லை என்றால், சுட்ட பிறகாவது இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் யாராவது தட்ட வேண்டும். பொலிஸ் காவலில் ஒருவர் இறந்தால் நீதவானுக்கு உடனே அறிவிக்க வேண்டும், நீதவானே விசாரிக்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் இருக்கிறது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். செத்த வீட்டின் எட்டும் முப்பத்தொன்றும் முடிவதற்குள் அந்தக் கெடு போய்விடும், இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள். 2021 ஜூனில் மட்டக்களப்பு நகரில் கைதான ஓர் இளைஞர் காவலில் இறந்தார். போதைப்பொருளை விழுங்கிவிட்டார் என்றது பொலிஸ். குடும்பம் அதை ஏற்கவில்லை. நீதிமன்ற உத்தரவில் உடலைத் தோண்டியெடுத்து இரண்டாம் தடவை பரிசோதித்தபோது அடிகாயங்கள் வெளிவந்தன. அந்தக் குடும்பம் தட்டாமல் இருந்திருந்தால் முதல் கதையே முடிந்த கதையாகியிருக்கும். அதே மாதம் இதே நகரில், ஓர் இராஜாங்க அமைச்சரின் வீட்டுக்கு முன்னால் அவருடைய பொலிஸ் பாதுகாவலர் ஓர் ஆளைச் சுட்டுக் கொன்றார். பகல் வெளிச்சத்தில், சந்தியில், சனம் பார்க்க நடந்தபடியால் கைது உடனே நடந்தது. இரவில், ஆளில்லாத காட்டுக்குள் நடந்திருந்தால் என்ன அறிக்கை வந்திருக்கும்?

இன்னும் ஒரு சம்பவம் இருக்கிறது. மட்டக்களப்பில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் கணக்கில் அதை யாரும் சேர்ப்பதில்லை. 2018 நவம்பர் 30, வவுணதீவுச் சோதனைச் சாவடி. காவலில் நின்ற இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். மாவீரர் நாள் முடிந்து மூன்றே நாள். சந்தேகம் நேரே முன்னாள் போராளிகள் பக்கம் போனது. ஒருவரைப் பிடித்தார்கள். பொலிஸாரைக் கொன்ற வழக்கு, மரண தண்டனைக்குரிய குற்றம், காணாமல் போன பொலிஸ் துவக்குகள் வேறு. ஆயுதத்தைக் காட்ட ஓர் இரவில் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டிய எல்லாக் காரணமும் அங்கே இருந்தன. போயிருந்து, அந்த வழமையான வசனம் அடுத்த நாள் பத்திரிகையில் வந்திருந்தால், நாட்டில் எத்தனை பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள்?

அப்படி நடக்கவில்லை. அவர் மாதக்கணக்கில் தடுப்பில் கிடந்தார். ஏப்ரல் 21 குண்டுகள் வெடித்த பிறகு நடந்த விசாரணையில்தான் வவுணதீவுக் கொலையைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்று தெரிய வந்தது. 2019 மே மாதம் அந்த மனிதர் விடுதலையாகித் தன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.